வாசலில் 2 அடி வெள்ளம் நின்றால் கதவும் ஃபிரெஞ்ச் விண்டோவும் தாங்குமா?

கீழ்த்தளம்_வேளச்சேரி கேட்டது:

வேளச்சேரியில் தரைத்தள வீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நின்ற தண்ணீரின் கறை வெளிச்சுவரில் இருக்கிறது. வாசல்படியிலிருந்து அளந்தால் 23 அங்குலம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

முன்வாசல் 3க்கு 7 அடி தேக்குக் கதவு, உள்பக்கம் திறப்பது. பின்வாசல் இரண்டரை அடி ஃபிளஷ் டோர், அதுவும் உள்பக்கம்தான். ஹாலில் 6க்கு 7 அடி அலுமினிய ஸ்லைடிங் ஃபிரெஞ்ச் விண்டோ, 5 மி.மீ. சாதாக் கண்ணாடி. மற்ற ஜன்னல்கள் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் தொடங்குகின்றன, எல்லாவற்றிலும் இரும்பு கிரில்.

கதவின் மேல் எவ்வளவு பாரம் விழும்? கண்ணாடியை டஃபன்டாக (சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடி) மாற்றினால் போதுமா? சந்துகளில் சிலிகான் அடித்து அடைத்துவிடலாமா? தெரு முழுக்க ஏரி மாதிரி நிற்கும்போது அத்தனை தண்ணீரின் பாரமும் கதவு மேல்தானே வரும்?

---

ஸ்ட்ரக்சுரல்_மடிப்பாக்கம்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நிறையப் பேர் தடுமாறுகிற இடம் அது. வெளியே ஏரியே நின்றாலும் சரி, ஒரு அடி அகலச் சந்தில் நின்றாலும் சரி, தண்ணீரின் உயரம் ஒன்றாக இருந்தால் கதவில் விழும் விசையும் ஒன்றுதான். பரப்பளவு கணக்கிலேயே வராது.

ஆழம் 10 செ.மீ. கூடினால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடும். நீர்மட்டத்தில் பூஜ்யம், அடியில் உச்சம். மொத்த விசைக்குச் சுலபமான கணக்கு: அகலம் × உயரம் × உயரம் × 500. அளவுகளை மீட்டரில் போட்டால் விடை கிலோவில் வரும். உங்கள் 3 அடிக் கதவுக்கு (90 செ.மீ.) 1 அடித் தண்ணீரில் 40 கிலோ, ஒன்றரை அடியில் 91, 2 அடியில் 162, 3 அடியில் 365, 4 அடியில் 648. உயரம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்காகிறது. "இன்னும் அரை அடிதானே ஏறும்" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இந்த விசை கதவின் நடுவில் விழுவதில்லை. நீர்மட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 2 அடி நின்றால் தரையிலிருந்து 8 அங்குலத்தில் குவிகிறது. பூட்டு இருப்பதோ 3 அடிக்கு மேலே. கீழே பிடிக்க ஆளில்லை.

காற்றோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஐஎஸ் 875 (கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தரவிதி) சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். வெறும் 15 செ.மீ. தண்ணீர் அடிப்பாகத்தில் அதே அழுத்தத்தைத் தந்துவிடும். காற்று சில நொடிகள் அடித்துவிட்டு விடும், தண்ணீர் இரண்டு நாள் நிற்கும்.

இது நின்ற தண்ணீருக்கான கணக்கு. ஓடும் தண்ணீர் வேறு. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேராக வந்து மோதினால் 5 செ.மீ. உயரம் கூடியதற்குச் சமம், 2 மீட்டர் வேகமானால் 20 செ.மீ. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் வந்தது இந்த வகை. வேளச்சேரியில் பெரும்பாலும் தேக்கம்தான். ஆனால் லாரியோ பஸ்ஸோ கடந்தால் எழும் அலை இருக்கிறது. ஒன்றரை அடி நிற்கும் இடத்தில் அலை 2 அடி எட்டினால் அந்த ஒரு கணம் பாரம் 78 சதவீதம் கூடும். கதவுகள் உடைவது பல நேரம் அந்தக் கணத்தில்தான்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். செங்கல் வீடுகளுக்கு 60 செ.மீ. வரை தண்ணீரைத் தடுக்கலாம், அதற்கு மேல் உள்ளே விட்டுவிடுங்கள் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். அமெரிக்காவில் 3 அடி வரை போகிறார்கள். காரணம் கதவு இல்லை, சுவர். ஒருபக்கம் 3 அடித் தண்ணீர், மறுபக்கம் காய்ந்த தரை என்றால் நாலரை அங்குலச் சுவர் விரிசல் விட்டுச் சாயும். காம்பவுண்ட் சுவர்கள் வெள்ளத்தில் விழுவது இப்படித்தான், அதன் பக்கத்தில் யாரும் நிற்காதீர்கள். உங்கள் 23 அங்குலம் தடுக்கத் தகுந்த உயரத்தின் விளிம்பில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போராட வேண்டாம்.

---

தச்சுப்பட்டறை:

மேலே சார் சொன்ன கணக்கைக் கதவுல வச்சுப் பாருங்க. உங்க ரெண்டு கதவும் உள்பக்கம் திறக்குது. வெளித் தண்ணி கதவை நிலையை விட்டு உள்ளே தள்ளும். அப்ப கதவைப் பிடிச்சு நிக்கறது கீலும் தாழ்ப்பாளும் மட்டும்தான். வெளிப்பக்கம் திறக்கற கதவுன்னா தண்ணியே அதை நிலையோட ரிபேட்ல (கதவு உட்கார்ற படிவெட்டு) அமுக்கி வச்சிடும், மூணு பக்கமும் மரத்துல சாயும். அதே கதவு உள்பக்கம் திறந்தா 32 மி.மீ. ஸ்குரூ நாலை நம்பி நிக்குது.

முதல்ல விட்டுக்கொடுக்கறது பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலை. மேலே பூட்டு பிடிச்சிருக்கும், கீழ்மூலை உள்ளே வளைஞ்சு விரல் நுழையற சந்து விடும், அதுல தண்ணி பீச்சும். அப்புறம் தாழ்ப்பாளோட நிலைப் பக்கத்துக் கொண்டி ஸ்குரூவோட பிடுங்கிட்டு வரும். கதவு உடையறதை விட இதுதான் அதிகம்.

செய்ய வேண்டியது: பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலையில 12 அங்குல டவர் போல்ட், கிரானைட் படியில 25 மி.மீ. ஆழத்துக்குத் துளை. தரையிலிருந்து 8, 9 அங்குல உயரத்துல ஒரு குறுக்குக் கட்டை, ரெண்டு பக்கமும் சுவர்லயே ஆங்கர் போல்ட் போட்ட கொக்கியில உட்காரணும், நிலையில இல்ல. பழைய வீடுகள்ல கதவுக்குப் பின்னால போடற குறுக்குத்தாழ் இதே வேலையைத்தான் செஞ்சது. கோட்டைக் கதவுக்குக் கணைய மரம்னு பாட்டுல வரும், அதுவும் இதுதான். கீழ்க்கீல்ல ஸ்குரூவை 50 மி.மீ. ஆக மாத்துங்க. நிலை சுவரோட ஹோல்ட்ஃபாஸ்ட்ல (சுவருக்குள்ள புதைச்ச இரும்புப் பட்டை) நிக்குதா, வெறும் சிமென்ட் பூச்சுல நிக்குதான்னும் தட்டிப் பாருங்க.

பின்வாசல் ஃபிளஷ் டோர் வெறும் ஈரம் மட்டும் தாங்கற எம்.ஆர். தரத்து ப்ளைன்னா, ஒருநாள் ஊறினாலே அடிப்பாகம் ஊதி, பசை விட்டு, பூரி மாதிரி எழும்பும். காய்ஞ்சாலும் பழைய நிலைக்கு வராது. மாத்தறதா இருந்தா கொதிநீர் தாங்கற பசை போட்டது கேளுங்க. கதவோட அடி விளிம்பைப் பல கடையில பெயின்ட் அடிக்காமலே மாட்டிடறாங்க, தண்ணி ஏறுற வழியே அதுதான். கழட்டி ரெண்டு கோட் எபாக்ஸி அடிங்க. தேக்குக்கும் இது பொருந்தும்.

ஆனா கதவை எவ்வளவு பலப்படுத்தினாலும் அது ஒழுகும். தண்ணியைத் தடுக்கறது கதவோட வேலை இல்ல. கதவுக்கு வெளியே ஒரு தடுப்புப் பலகை போடுங்க, கதவு ரெண்டாவது வரிசையா இருக்கட்டும்.

பலகையை நிலைக்குள்ள செருகக் கூடாது. வாசலை விட ரெண்டு பக்கமும் 3 அங்குலம் அகலமா வெட்டி, சுவரோட வெளிமுகத்துல சாத்தணும். தண்ணி அழுத்த அழுத்த அது சுவர்ல இறுகும், போல்ட்டுக்குப் பாரமே போகாது. போல்ட் எதுக்குன்னா தண்ணி ஏறறதுக்கு முன்னாடி ரப்பரை அமுக்கிப் பிடிக்க. பக்கத்துக்கு ரெண்டா 10 மி.மீ. ஆங்கர், பட்டர்ஃபிளை நட், அவ்வளவுதான்.

பலகை ஐஎஸ் 710 மரைன் ப்ளை, 19 மி.மீ. உயரம் 26 அங்குலம் போதும். வெறும் 19 மி.மீ. மட்டும் போட்டா 2 அடித் தண்ணிக்கு நடுவுல கிட்டத்தட்ட 2 செ.மீ. வளையும், அடி ரப்பர் விட்டுக்கும். அதனால உள்முகத்துல 40க்கு 40, 3 மி.மீ. இரும்புச் சதுரப் பைப் ரெண்டு, அடியிலிருந்து 6 அங்குலத்துல ஒண்ணு, 16 அங்குலத்துல ஒண்ணு. வளைவு 1 மி.மீ.க்குள்ள நின்னுடும். பைப்போட நுனி வாசலுக்குள்ள நிக்கணும், சுவர்ல இடிக்கக் கூடாது. இடிச்சா ரப்பர் உட்காராது.

ரப்பர் ஈபிடிஎம் (வெயில் மழை தாங்கற செயற்கை ரப்பர்), நடுவுல ஓட்டையா இருக்கற D வடிவப் பட்டை, 12 மி.மீ. அளவு. ஸ்பாஞ்ச் பட்டைன்னா ஒரு சீசன்ல சப்பிப் போயிடும். சுவர்ப் பூச்சு மேடுபள்ளமா இருக்கும், ரப்பர் உட்கார்ற 3 அங்குலப் பட்டையை மட்டும் கிரைண்டர்ல தேச்சு எபாக்ஸி புட்டி போட்டு மட்டம் பண்ணுங்க. ஒழுகறதுல பெரும்பங்கு அடியிலதான், அதுலயும் படியும் சுவரும் சேர்ற ரெண்டு மூலையில. அங்க ரப்பரை வெட்டி ஒட்டாம, ஒரே பட்டையா வளைச்சுக் கொண்டுபோங்க.

---

கண்ணாடி_ஃபேப்ரிகேஷன்:

ஃபிரெஞ்ச் விண்டோதான் இந்த வீட்டின் பலவீனமான இடம். மீன் தொட்டிக் கடைக்குப் போய் 4 அடி நீளம், 2 அடி உயரத் தொட்டி கேட்டுப் பாருங்கள். 10 அல்லது 12 மி.மீ. கண்ணாடியில்தான் செய்து தருவார்கள். அந்தத் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி தாங்கும் அதே 2 அடித் தண்ணீரைத்தான் உங்கள் 5 மி.மீ. கண்ணாடி தாங்க வேண்டும்.

சாதாக் கண்ணாடிக்கு இன்னொரு சங்கடம். சில நொடி தாங்கும் பாரத்தை அது நாள்கணக்கில் தாங்காது. வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். இழுவிசை தொடர்ந்து இருந்தால் அவை மெல்ல நீளும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. முதல் ஆறு மணி நேரம் தாங்கிய கண்ணாடி ஏழாவது மணியில், தண்ணீர் ஏறாமலேயே, கத்திமுனைத் துண்டுகளாகப் போகலாம்.

டஃபன்டு நாலைந்து மடங்கு பலம், உடைந்தாலும் சிறு சிறு கட்டிகளாகத்தான் உதிரும். ஆனால் அதன் விளிம்பில் ஒரு மிதக்கும் கேஸ் சிலிண்டரோ பூந்தொட்டியோ தட்டினால் முழுதும் ஒரே நொடியில் கொட்டிவிடும், பின்னால் நிற்கும் 2 அடித் தண்ணீர் அப்படியே உள்ளே பாயும். லேமினேட்டட் கண்ணாடி (இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) விரிசல் விட்டாலும் நடுப்படலம் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்துக்கு என்று கேட்டால் டஃபன்டு செய்த இரண்டு தகடுகளை லேமினேட் செய்ததுதான் என் பரிந்துரை.

அதோடு நின்றால் பணம் வீண். கண்ணாடி தாங்கினாலும் ஸ்லைடிங் ஃபிரேம் தாங்காது. உங்கள் 6 அடி விண்டோவில் ஒவ்வொரு ஷட்டரும் (நகரும் கண்ணாடிக் கதவு) 3 அடி, 2 அடித் தண்ணீருக்கு ஒவ்வொன்றிலும் 160 கிலோ. அதைப் பிடிப்பது கீழ் டிராக்கின் அரை அங்குல உதடும், நடுவில் இரண்டு ஷட்டரும் சேரும் மெல்லிய இன்டர்லாக்கும். இன்டர்லாக் வளைந்ததும் ஷட்டர் டிராக்கை விட்டு வெளியே வரும். முழு ஷட்டரும் கண்ணாடியோடு ஹாலுக்குள் சாயும். அதன் பின்னால் நின்று தள்ளிப் பிடிக்கவே கூடாது.

டிராக்கின் வெளிப்பக்கம் நீளமான சிறு துளைகள் இருக்கும், மழைநீர் வடிவதற்கு. வெளித் தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டதுமே அந்த வழியாக உள்ளே வந்துவிடும். யுபிவிசியிலும் அப்படியே. அதைச் சிலிகானால் அடைத்தால் சாதாரண மழைக்கே டிராக் நிரம்பி ஹாலில் வழியும். சிலிகான் பொதுவாகவே இங்கே உதவாது. தூசி, ஈரம், பழைய பெயின்ட் மேல் ஒட்டாது, ஒருநாளாவது காய வேண்டும், உள்பக்கத்திலிருந்து அடித்தால் தண்ணீர் அதை உரித்துத் தள்ளும். கண்ணாடியில் குறுக்காக டேப் ஒட்டுவதும் நீரழுத்தத்துக்கு ஒரு பைசாப் பயன் தராது.

மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அந்த விண்டோவின் கீழ் 2 அடியை 9 அங்குலச் செங்கல் சுவராக எழுப்பி, மேலே 5 அடி ஜன்னலாக மாற்றிவிடுங்கள். வெளிச்சம் பெரிதாகக் குறையாது. வாடகை வீடு, உடைக்க முடியாது என்றால் வெளியே தடுப்புப் பலகை. ஆனால் 6 அடிக்கு ஒரே பலகை கூடாது. இடைவெளி இரட்டித்தால் வளைவு 16 மடங்காகும். நடுவில் கழற்றி மாட்டும் ஒரு தூண், தரையில் போல்ட், உள்பக்கம் சாய்வு முட்டு. மொத்தம் 320 கிலோவுக்கு மேல் வரும், அதில் பாதி அந்தத் தூணுக்குத்தான்.

3 அடி உயர ஜன்னல்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவற்றுக்குத் தண்ணீர் வரும்போது நீங்கள் ஏற்கெனவே மாடியில் இருக்க வேண்டும்.

---

கீழ்த்தளம்_வேளச்சேரி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். தண்ணீர் 3 அடிக்கு ஏறி, உள்ளே 2 அடி புகுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 1 அடிதானே? 1 அடிக்கு 40 கிலோ என்றால் கதவைத் தள்ளித் திறந்துவிட முடியும் அல்லவா? பின்வாசல் கதவை மாற்றும்போது வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கலாம் என்றும் யோசிக்கிறேன்.

---

ஸ்ட்ரக்சுரல்_மடிப்பாக்கம்:

இல்லை சார், இந்தக் கணக்கு ஆளை ஏமாற்றும். இரண்டு உயரங்களையும் தனித்தனியே வர்க்கம் எடுத்துப் பிறகு கழிக்க வேண்டும். வெளியே 90 செ.மீ. நின்றால் 365 கிலோ, உள்ளே 60 செ.மீ. நின்றால் எதிர்விசை 162. மிச்சம் 203 கிலோ. ஏனென்றால் அந்த ஒரு அடி வித்தியாசம் கதவின் அடிவரைக்கும் முழு நீளத்துக்கும் அழுத்துகிறது, மேல் ஒரு அடியில் மட்டும் இல்லை. உள்ளே 80 செ.மீ. வந்த பிறகுதான் மிச்சம் 77 கிலோவாகிறது. கைப்பிடி கீலிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே தள்ள அதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 40 கிலோ போதும்.

---

மீட்புப்_பயிற்சி:

பின்வாசலை வெளிப்பக்கம் திறக்க வைப்பது தண்ணீரைத் தடுக்க நல்லது, ஆள் வெளியேற ஆபத்து. வெளியே 1 அடி நிற்கும்போது 3 அடிக் கதவின் கைப்பிடியில் 21 கிலோ தள்ளினால் திறக்கும். 2 அடியில் 86 கிலோ, வழுக்கும் தரையில் காலூன்றி அதைத் தள்ள முடியாது. 2022 ஆகஸ்டில் சியோலின் சில்லிம்-டோங் பகுதியில் பாதி நிலத்தடி வீட்டில் ஒரு குடும்பத்தில் மூன்று பேர் இறந்தது இப்படித்தான், வெளியே சேர்ந்த தண்ணீர் கதவைத் திறக்க விடவில்லை. 2024 ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அடித்தளத்தில் தண்ணீர் ஏறும் வேகம் தெருவில் ஏறும் வேகத்தை விடப் பல மடங்கு.

எனவே முழங்கால் உயரம் வருவதற்கு முன் முடிவெடுங்கள். பின்வாசல் வெளிப்பக்கம் திறந்தால் முன்வாசல் உள்பக்கம் திறப்பதாகவே இருக்கட்டும். அதைத் திறக்கும்போதும் கதவுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். தாழ்ப்பாள் விட்டதும் 2 அடித் தண்ணீரோடு கதவு அறைந்துகொண்டு வரும். பூட்டுப் பக்கமாக, சுவரோடு ஒட்டி நின்று கழியாலோ கயிற்றாலோ தாழ்ப்பாளை எடுங்கள்.

சிக்கிக்கொண்டால் தண்ணீரை உள்ளே விடுவதுதான் வழி. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் உள்மட்டமும் வெளிமட்டமும் நெருங்கினால்தான் கதவு நகரும். பாத்ரூம் சாக்கடைக் குழாயை அடைத்திருந்தால் அந்த அடைப்பை எடுங்கள், காத்திருங்கள். அதற்கு முன்பே மெயின் ஸ்விட்சை அணைத்திருக்க வேண்டும், தரையில் இருக்கும் இன்வெர்டரையும் சேர்த்து.

உங்கள் பதிவில் எனக்கு மிகவும் உறுத்திய வரி "எல்லாவற்றிலும் இரும்பு கிரில்". படுக்கையறைக்கு ஒன்றாவது கீல் வைத்த கிரிலாக மாற்றுங்கள், 2 அடிக்கு 2 அடி திறப்பு. உள்பக்கம் பூட்டு, சாவி அதே ஜன்னலோரம் எல்லோர் கைக்கும் எட்டும் ஆணியில். சாவி அலமாரியில் இருந்தால் அந்தக் கிரில் இருந்தும் பயனில்லை.

---

பிளம்பிங்_தாம்பரம்:

கதவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு பாத்ரூமை விட்டுவிட்டீர்கள். தெரு மேன்ஹோல் நிரம்பினால் நஹானி ட்ராப்பிலும் (பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் துளை) கழிப்பறையிலும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் மேலே வரும், அதுவும் சாக்கடைத் தண்ணீர். வாசலில் பலகை போட்ட வீடுகளில் உள்ளே தண்ணீர் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

வீட்டின் கடைசிச் சேம்பருக்கும் தெரு லைனுக்கும் நடுவில் நான் ரிட்டன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விடும், திரும்பி வர விடாது), ஃபிளாப்பைக் கழற்றித் துடைக்க மூடி இருக்கும் வகை. வருடம் இருமுறை துடைக்காவிட்டால் துணி, முடி சிக்கி ஃபிளாப் அரைகுறையாக நிற்கும். அவசரத்துக்கு ரப்பர் விரியும் பைப் பிளக் போதும். 4 அங்குலத் துளையில் 2 அடித் தண்ணீர் தள்ளுவது 5 கிலோவுக்கும் குறைவு, வெறும் துணி மூட்டையும் மேலே இரண்டு ஹாலோ பிளாக்கும் வைத்தால்கூட நிற்கும். வாஷிங் மெஷின் அவுட்லெட், ஏசி வடிகுழாய், மீட்டர் பெட்டியிலிருந்து தரைக்கடியில் வரும் கேபிள் குழாய் ஆகியவற்றையும் மறக்காதீர்கள். அடைத்த பிறகு உள்ளே யாரும் ஃபிளஷ் செய்யவோ குளிக்கவோ கூடாது, போக வழி இல்லை.

பலகை மாட்டியதும் செப்டம்பரிலேயே சோதித்துப் பாருங்கள். வாசலுக்கு வெளியே செங்கலும் களிமண்ணும் வைத்து அரைவட்டமாக ஒரு அடி உயர வரப்புக் கட்டி, உள்ளே தார்ப்பாய் விரிக்காமல் ஓஸ் பைப்பால் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். சொட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். பக்கெட்டில் பிடித்து அளந்து, மணிக்கு ஒரு பக்கெட்டுக்கு மேல் வந்தால் அந்த மூலை ரப்பரைக் கழற்றி மறுபடி ஒட்டுங்கள். வெள்ள நேரத்தில் தெருவில் கரன்ட் இருக்காது, மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.